பஞ்சு வைத்த பாட்டில்

ஓய்வு பெற்ற ஆலோசகரிடம் அனுபவத்தை எழுதித் தரச் சொன்னால் சாதனைகளைத்தான் எழுதுவார் என்று நினைத்திருப்பீர்கள். என்னிடமும் இரண்டு மூன்று சாதனைகள் இருக்கின்றன. நேரில் பார்க்கும்போது டீ வாங்கிக் கொடுத்தால் சொல்கிறேன். இங்கே எழுதப்போவது நான் செய்த ஒரு தப்பைப் பற்றி. இருபது வருடத்துக்கு மேல் எச்.ஐ.வி. சிகிச்சை மையத்தில் ஆலோசகராக உட்கார்ந்திருந்தவள் நான். என் நாற்காலியில் இப்போது உங்களில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அதன் இடது கைப்பிடி ஆடும். அதை உடைத்ததும் நான்தான், அதையும் மன்னித்துவிடுங்கள்.

மையம் எந்த ஊரில் என்று எழுதமாட்டேன். உங்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரிய வேண்டாம். திருவள்ளூர் மாவட்டம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். கும்மிடிப்பூண்டி கம்பெனிகளில் வேலை செய்கிறவர்கள், பழவேற்காட்டுப் பக்கத்துக் குப்பங்களிலிருந்து மீன் விற்ற கையோடு வருகிறவர்கள், எளாவூர் செக்போஸ்ட் வரிசையில் லாரியை நிறுத்திவிட்டு மூச்சு வாங்க ஓடிவருகிற டிரைவர்கள் என்று எல்லோரும் அந்த ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

முதலில் பஞ்சைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நம் மாத்திரை பிளாஸ்டிக் பாட்டிலில் வரும். பாட்டிலுக்கு முப்பது, தினம் ஒன்று. பையில் போட்டுக்கொண்டு நடந்தால் கலகலவென்று சத்தம் போடும். குப்பத்திலிருந்து வரும் ஓர் அம்மா, வாங்கிய பாட்டிலைக் கூடைக்குள் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறியிருக்கிறார். ஆட்டோ ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கும்போதும் கூடைக்குள்ளிருந்து சத்தம். எதிர் சீட்டில் பக்கத்து வீட்டுக்காரி.

"இன்னாக்கா அது, மாத்திரையா? காத்தாலேந்து மண்ட இடிக்குது. ஒண்ணு குடேன்" என்று கையை நீட்டிவிட்டாளாம்.

"அய்ய, இது வவுத்துப்பூச்சி மாத்திரடி. போட்டா ரெண்டு நாளிக்கு ஊட்ட உட்டு வெளிய வரமாட்ட" என்று சமாளித்திருக்கிறார்.

அடுத்த மாதம் வந்து இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சிரித்து முடித்ததும் அழுதார். அன்றைக்குத்தான் நர்ஸ் மேசையிலிருந்து ஒரு துண்டு பஞ்சைப் பிய்த்துப் பாட்டிலுக்குள் அடைத்துக் கொடுத்தேன். குலுக்கிப் பார்த்தோம், சத்தமே இல்லை. அதற்குப் பிறகு வருகிறவர்களுக்கெல்லாம் அதைச் சொல்லிக்கொடுத்தேன். லேபிளைச் சுரண்டு, பஞ்சை அடை. கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி பையைத் தூக்கிக் குலுக்கினாலும் ஒன்றும் கேட்காது. அந்த யோசனையில் எனக்கு ரொம்பப் பெருமை. வெளிமாவட்டத்துக் கூட்டங்களில்கூட எழுந்து நின்று சொல்லியிருக்கிறேன்.

இனி சாலமன். உண்மைப் பெயர் அதுவல்ல. இரும்புக் கம்பி செய்யும் கம்பெனி ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளி. அப்பா, தாத்தா எல்லோரும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். "எங்க பரம்பரையிலயே மொத மொத பூட்ஸ் போட்டவன் நான்தான் மேடம்" என்று காலைத் தூக்கிக் காட்டுவார். எங்களிடம் வந்து பன்னிரண்டு வருடம். ஒரு நாள் மாத்திரை தவறியதில்லை. வருடாவருடம் எடுக்கும் வைரஸ் பரிசோதனையில், கண்டறியும் அளவுக்கு வைரஸ் இல்லை என்றுதான் முடிவு வரும்.

புதிதாகத் தெரியவந்தவர்கள் என் அறையில் உட்கார்ந்து அழும்போது, வெளியே சாலமன் இருந்தால் கூப்பிட்டு அருகில் உட்காரவைப்பேன். அவரும் சந்தோஷமாக வருவார். "என்னப் பாரு. நாஷ்டா துன்றேன், வேலைக்குப் போறேன், பொண்டாட்டிகிட்ட திட்டு வாங்கறேன். எனக்கு இன்னா கொறச்சல்?" என்பார். நான் அரை மணி நேரம் பேசுவதைவிட அது நன்றாக வேலை செய்யும்.

மனைவியைச் செல்வி என்று வைத்துக்கொள்வோம். ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை. எல்லாம் தெரிந்துதான் சாலமனைக் கட்டிக்கொண்டார். அவருக்குத் தொற்று இல்லை. குழந்தை வேண்டும் என்று இருவரும் வந்து கேட்டபோது, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவிலேயே தொடர்ந்து இருந்தால் மனைவிக்குப் பரவாது, ஆணுறை இல்லாமல் இருக்கலாம், மாத்திரை மட்டும் தவறக் கூடாது என்று டாக்டரும் நானும் விளக்கினோம். சரியான ஆலோசனைதான். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் அந்த வீட்டின் நிம்மதி முழுவதும் அந்த ஒற்றை மாத்திரையின் மேல்தான் நின்றது.

அந்தச் சமயத்தில் எங்களுக்கு ஒரு பயிற்சி வைத்தார்கள். மதியத்தில் ஒருவர் ஆன்டிபாடி சிகிச்சையைப் பற்றிப் பேசினார். சாப்பிட்ட மயக்கத்தில் பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தூக்கம் போய்விட்டது. வைரஸைப் பிடித்து முடக்கும் எதிர்ப்புப் புரதங்களை ஆய்வகத்தில் செய்து ஊசியாகப் போடுகிறார்களாம். வெளிநாடுகளில் ஆய்வில் சேர்ந்தவர்களில் சிலருக்கு, தினசரி மாத்திரையை நிறுத்திய பிறகும் மாதக்கணக்கில் வைரஸ் தலைதூக்கவில்லையாம். ஊசி மருந்து உடம்பிலிருந்து பெரும்பாலும் வடிந்த பிறகும்கூடச் சிலர் அப்படியே இருக்கிறார்களாம். ஏன் என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது மாத்திரையே எல்லோருக்கும் கிடைக்காது. ஆலோசனை சொன்ன ஆளின் சாவுக்கே மாலை வாங்கிக்கொண்டு போயிருக்கிறேன். அப்படிப்பட்டவளிடம் ஒருவர் வந்து, மாத்திரையே இல்லாமல் இருக்கிறார்கள் என்று சொன்னால் எப்படி இருக்கும்?

பேசியவர் இன்னொரு பாதியும் சொன்னார். எல்லோரையும் அந்த ஆய்வில் சேர்ப்பதில்லை, பொறுக்கி எடுத்த ஆட்கள். மாத்திரையை நிறுத்துவதும் டாக்டர்கள் கண்ணெதிரில்தான், அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்த்துக்கொண்டே. வைரஸ் திரும்பி வந்தவர்களும் உண்டு, அவர்களுக்கு உடனே மாத்திரையைத் திரும்பக் கொடுத்தார்கள். இதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டேன். வாயில் வந்தது முதல் பாதி மட்டும்.

அந்த வாரமே எங்கள் மாதக் கூட்டம். இருபது பேர் போல உட்கார்ந்திருந்தார்கள். நான் கல்யாணச் சேதி சொல்வது போல எழுந்து நின்று சொன்னேன். எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். சாலமன் கையைத் தூக்கினார்.

"நம்மளுக்கெல்லாம் எப்ப மேடம்?"

"வரட்டும்பா. நம்ம பக்கம் வந்தா மொதப் பேரு உன்னுதுதான் எழுதுவேன்."

எல்லோரும் கைதட்டினார்கள். சாலமன் எழுந்து கும்பிட்டார். கூட்டம் கலையும்போது, "அதுவரிக்கும் மாத்திரைய உட்றாதீங்க" என்றும் சொன்னேன். சொன்னதாகத்தான் நினைக்கிறேன். பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கும் சத்தத்தில் அது யார் காதில் விழுந்திருக்கும் என்று தெரியாது. அன்றைக்கு சாலமன் மூன்று மாதத்துக்கு மூன்று பாட்டில்கள் வாங்கிக்கொண்டு போனார். ஒழுங்காக இருப்பவர்களுக்கு அப்படி மொத்தமாகக் கொடுப்போம், அடிக்கடி லீவு போட வேண்டியதில்லை.

மூன்று மாதம் கழித்து வந்தார். அன்றைக்கு நல்ல கூட்டம். பழைய பாட்டில்கள் மூன்றையும் என் மேசையில் வைத்தார். மிச்ச மாத்திரையை எண்ணி ஃபைலில் எழுத வேண்டும் என்பது விதி. எல்லோருக்கும் எண்ணுவேன், சாலமனுக்கு எண்ணமாட்டேன். சாலமனைப் போய் எண்ணுவதா? பாட்டில்களை ஓரமாகத் தள்ளிவைத்தேன். சத்தம் வரவில்லை. மிச்சம் ஒன்றுமில்லை என்று எழுதினேன்.

"ஊசி எப்ப மேடம்?" என்றார்.

"வரும் வரும்" என்றேன், தலையைத் தூக்காமல்.

அவர் மருந்து கவுன்டருக்குப் போனார். எங்கள் மருந்தாளுநர் என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர், அதிகம் பேசமாட்டார். கொஞ்ச நேரத்தில் பாட்டில்களை எடுக்க என் அறைக்கு வந்தவர், இரண்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"அக்கா, இத்த கொஞ்சம் கையில புடிச்சுப் பாருங்க."

பிடித்தேன். கனமாக இருந்தது. மூடியைத் திறந்து பஞ்சை இழுத்தார். கழுத்து வரைக்கும் மாத்திரை. இரண்டாவதும் அப்படியே. நான் கண்டுபிடித்த பஞ்சு அறுபது மாத்திரையை என் மேசையிலேயே சத்தமில்லாமல் உட்காரவைத்திருந்தது.

சாலமனைக் கூப்பிட்டோம். அவர் முகத்தில் கள்ளத்தனம் ஒரு துளிகூட இல்லை. பரீட்சைக்கு நன்றாகப் படித்துவிட்டு வந்த பையன் போல நின்றார்.

"ரெண்டு மாசமா சுத்தமா நிறுத்திட்டேன் மேடம். ரெடியா கீறேன்."

"எதுக்கு ரெடி?"

"ஊசிக்கு. நீங்கதான சொன்னீங்க, மாத்திர நிறுத்திக்கினுதான் ஊசி போட்றாங்கோன்னு. சுகர் டெஸ்டுக்கு வெறும் வவுத்துல வரச் சொல்றீங்க இல்ல? அது மாதிரி ஒடம்ப காலியா வெச்சினு வந்தா நம்மள மொதல்ல எடுத்துப்பாங்கன்னு..." என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். "தப்பா மேடம்?"

உண்மையைச் சொல்கிறேன், முதலில் எனக்கு வந்தது கோபம். அறிவில்லையா உனக்கு என்று கத்த வாயெடுத்தேன். அடுத்த நொடி பயம் வந்தது, அதுவும் எனக்காக. பன்னிரண்டு வருடம் ஒழுங்காக இருந்த ஆளை நிறுத்தவைத்தவள் நான் என்று தெரிந்தால் என் வேலை என்னாகும்? இந்த இரண்டுக்கும் நடுவில் நான் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தேன். மருந்தாளுநர் கதவைச் சாத்திவிட்டு சாலமனுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். அவர் கேட்ட முதல் கேள்வி எனக்கு இன்றைக்கும் காதில் இருக்கிறது.

"அண்ணே, ஊட்ல அண்ணி எப்டி கீறாங்க?"

என்னுடைய இருபது வருட அனுபவத்துக்கு அது தோன்றவில்லை. மாத்திரை நின்றால் சில வாரங்களில் வைரஸ் திரும்ப ஏறிவிடும். ஆணுறை இல்லை. செல்வி வீட்டில் ஒன்றும் தெரியாமல் இருக்கிறார். நான் என் வேலையைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன். நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

நெருக்கடியில் என்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்குப் பாடம் நடத்தியிருப்பார்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். 'ஏன் செய்தாய்' என்ற கேள்வி நாளைக்கும் இருக்கும். 'இப்போது யாருக்கு ஆபத்து' என்ற கேள்வி நாளைக்கு இருக்காது. அதனால் அதை முதலில் கேளுங்கள்.

கடைசியாக எப்போது சேர்ந்திருந்தார்கள் என்று கேட்டேன். முந்தாநாள் என்றார். எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் என்றால் தடுப்பு மாத்திரை கொடுக்க முடியும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அதற்கு முன்னால் நடந்தவற்றுக்கு ஒன்றும் செய்ய முடியாது, பரிசோதித்துப் பார்த்துக் காத்திருக்க வேண்டியதுதான்.

"செல்விய இப்பவே வர வைக்கணும்பா."

"அவகிட்ட எப்டி மேடம் சொல்லுவேன்? என்ன நம்பித்தான வந்தா." அதுவரை நிமிர்ந்து நின்றவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"நீதான் சொல்லணும். நான் பக்கத்துல இருப்பேன். நீ சரின்னா மட்டும்" என்றேன். தலையாட்டினார்.

கேன்டீனில் வேலை நேரத்தில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள். சூப்பர்வைசரிடம்தான் பேச வேண்டும், ஆஸ்பத்திரி என்ற சொல்லே வரக் கூடாது. சாலமன் யோசித்து யோசித்து, தன் அம்மாவுக்கு உடம்பு மோசம், செல்வியை உடனே அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டு, நம் மையத்துக்குப் பக்கத்து பஸ் ஸ்டாப்பைச் சொன்னார். ஒரு மணி நேரத்தில் செல்வி வந்துவிட்டார். தலையில் இருந்த கேன்டீன் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

"இன்னாயா, பேஜார் பண்ற? உங்கம்மா செத்து ஆறு வருசம் ஆச்சு. அந்த சூப்பர்வைசரு எனக்கு ஆட்டோவுக்கு டப்பு வேற குடுத்து அனுப்பிச்சாரு" என்று வாசலிலேயே ஆரம்பித்தவர், எங்கள் முகங்களைப் பார்த்ததும் மெதுவாகத் தொப்பியைக் கழற்றினார்.

சாலமன் சொன்னார். திக்கித் திக்கி, சுகர் டெஸ்ட் உதாரணத்தோடு எல்லாவற்றையும் சொன்னார். 'மேடம் சொன்னாங்க' என்று மட்டும் சொல்லவில்லை. ஊசி வருகிறது என்று கேள்விப்பட்டதாகச் சொன்னார். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

செல்வி அழவில்லை. "ஏன்யா? அந்த ஒரு மாத்திர அவ்ளோ கஷ்டமா உனக்கு?" என்று மட்டும் கேட்டார்.

"மாத்திர கஷ்டமில்ல. அத்த பாக்கறப்பல்லாம் அது என்னப் பாக்குது செல்வி. தினிக்கும் ஒருவாட்டி உனக்கு இது கீது, உனக்கு இது கீதுன்னு சொல்லிக்கினே கீது. கொழந்த பொறக்கறதுக்குள்ள அத்த தூக்கிப் போட்டுடலாம்னு பாத்தேன்."

பன்னிரண்டு வருடம் அவரை மற்றவர்களுக்கு உதாரணமாக உட்காரவைத்தேனே, ஒரு தடவையாவது 'உனக்கு எப்படிப்பா இருக்கிறது' என்று நான் கேட்டதில்லை. நன்றாக இருப்பவரை யார் கேட்பார்கள்?

செல்விக்கு ரத்தம் எடுத்தோம். அன்றைக்குத் தொற்று இல்லை என்றுதான் வந்தது. ஆனால் கடந்த சில வாரங்களில் தொற்றியிருந்தால் அந்தப் பரிசோதனை சொல்லாது என்று விளக்கினேன். இருபத்தெட்டு நாள் மாத்திரை, சாலமனுக்கு வைரஸ் அடங்கும்வரை ஆணுறை, பிறகு ஆறாவது வாரம் ஒரு பரிசோதனை, மூன்றாவது மாதம் ஒன்று. செல்வி பாட்டிலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அவரு நிறுத்தினத நான் துன்னணுமா?"

அவரே தண்ணீர் கேட்டு முதல் மாத்திரையை எங்கள் முன்னாலேயே விழுங்கினார்.

அதற்குள் டாக்டர் வந்துவிட்டார். சாலமனைப் பரிசோதித்தார், வைரஸ் அளவுக்கு ரத்தம் எடுக்கச் சொன்னார், அன்றைக்கே மாத்திரையை மறுபடி ஆரம்பிக்கச் சொன்னார். பிறகு பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார்.

"யார் உங்களை நிறுத்தச் சொன்னது?"

சாலமன் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார். "யாரும் சொல்லல சார். போன்ல ஒரு வீடியோ பாத்தேன்."

நான் அந்த இடத்தில் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. டாக்டர் ஃபைலில் எழுதினார்: தானாகவே மருந்தை நிறுத்தினார், கண்காணிப்பு தேவை, இனி மாதம் ஒரு பாட்டில் மட்டும். என் கண்ணெதிரில்தான் எழுதினார்.

மாதம் ஒரு பாட்டில் என்றால் மாதம் ஒரு லீவு. ஒப்பந்தத் தொழிலாளி மாதாமாதம் அதே தேதியில் லீவு கேட்டால், மேஸ்திரி ஒரு தடவை காரணம் கேட்பார், இரண்டாவது தடவை வேறு ஆளைப் போட்டுவிடுவார். இது எனக்குத் தெரியாததல்ல. அடுத்த மாதம் சாலமன் வந்தார். முகம் வாடியிருந்தது. மேஸ்திரி முதல் தடவை கேட்டுவிட்டாராம். என்னிடம் ஒரு வார்த்தை குறையாகச் சொல்லவில்லை. பாட்டிலைத் திறந்து, பஞ்சை எடுத்து, மிச்ச மாத்திரைகளை என் மேசையில் கொட்டி, "எண்ணுங்க மேடம்" என்றார். இரண்டு இருந்தன. இருபத்தெட்டாவது நாள் அது, இரண்டுதான் இருக்க வேண்டும்.

அவர் போனதும் டாக்டர் அறைக்குப் போனேன். வெளியே பத்துப் பேர் காத்திருந்தார்கள். நல்ல நேரம் பார்த்துப் போகலாம் என்றால் நான் போகவே மாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

"டாக்டர், அந்த வீடியோ நான்தான்" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. கூட்டத்தில் நான் சொன்னது, முதல் பேர் உன்னுது என்றது, பாட்டிலை எண்ணாமல் எழுதியது எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என்னைவிட மிகவும் சின்னவர். "இதை எழுதிக் கொடுத்துடுங்க மேடம். ஃபைல்ல வைக்கணும்" என்றார். எழுதிக் கொடுத்தேன். அது மேலதிகாரிகளுக்குப் போயிற்று, விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது, பதில் எழுதினேன், எச்சரிக்கையோடு விட்டார்கள். வைரஸ் பழையபடி அடங்கியதும் சாலமனுக்கு மூன்று பாட்டில்களைத் திரும்பக் கொடுக்கிறேன் என்று டாக்டர் சொன்னார், அப்படியே செய்தார். அதுவரை மாதாந்திர பாட்டிலை லீவு போடாமல் சனிக்கிழமை வேலை முடிந்ததும் வாங்கிக்கொள்ள வழி பண்ணியவர் மருந்தாளுநர்.

இதில் கோபித்துக்கொண்ட ஒரே ஆள் சாலமன்தான்.

"ஏன் மேடம் சொன்னீங்க? நான்தான் கப்சிப்புனு இருந்தேன் இல்ல? நீங்க போய்ட்டா எங்களுக்கு யாரு கீறாங்க?"

"நான் சொல்லலன்னா உன் ஃபைல்ல பொய் இருக்கும்பா" என்றேன்.

"என் ஃபைலு மேடம். இருந்துட்டுப் போவுது" என்றார். அன்றைக்கு அவர் எதிரிலேயே அழுதேன். ஆலோசகர் அழக் கூடாது என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். நானும் பலருக்குச் சொல்லியிருக்கிறேன்.

ஆறாவது வாரம் செல்விக்குத் தொற்று இல்லை. மூன்றாவது மாதத்துக்குக் காத்திருந்தோம். அந்த நாட்களில் நான் சாப்பிட்டது எதுவும் எனக்கு நினைவில்லை. அப்போதெல்லாம் வெளியூர்ப் பயிற்சிக்குக் கூப்பிட்டாலும் போகவில்லை. காலையில் பஸ்ஸில் உட்கார்ந்தால் செல்வியின் கேன்டீன் தொப்பிதான் கண்ணில் வரும்.

மூன்றாவது மாதம் இருவரும் வந்தார்கள். சாலமன் பெஞ்சில் உட்காரவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். முடிவை லேப்பிலிருந்து நானே போய் வாங்கினேன். வழியில் பிரித்துப் பார்க்கக் கூடாது என்று வைராக்கியமாக நடந்தேன். நாலு அடிகூடப் போகவில்லை, பிரித்துவிட்டேன்.

தொற்று இல்லை.

நான் எப்படி அறைக்குள் வந்தேன் என்று தெரியவில்லை. என் முகத்தைப் பார்த்தே மருந்தாளுநர் கவுன்டரில் இருந்து எழுந்துவிட்டார். சாலமன் அப்படியே தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். செல்வி மட்டும் நிதானமாகத் தாளை வாங்கி, தன் பெயரையும் முடிவையும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்து, மடித்துப் பையில் வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இவரு சொல்லிட்டாரு மேடம். நீங்க சொன்னதுதான்னு எனக்கு மொத நாளே தெரியும். இவருக்கு ஏது யோசன?"

அவர் உட்கார நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"எங்க நைனா சொல்லுவாரு, நல்ல சேதி கொண்டாறவங்கதான் ஓட்டமா ஓடி வருவாங்கன்னு. ஊசி சேதியோட நீங்களும் ஓடி வந்துட்டீங்க. பரவால்ல." பையின் ஜிப்பை இழுத்து மூடினார். "ஆனா ஒண்ணு. அந்த ஊசி நெசமாலுமே வரும் இல்ல?"

"வரும்னு நம்பறாங்க. எப்பன்னு தெரியாது. உங்க வீட்டுக்காரருக்கு ஒத்துக்குமான்னும் தெரியாது."

"வந்தா இவரு பேர மொதல்ல எழுதாதீங்க மேடம். ரெண்டாவதா எழுதுங்க. மொதல்ல யாராச்சும் போட்டுக்கினு நல்லா கீறாங்களான்னு பாப்போம்."

மருந்தாளுநர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன், தரையில் உட்கார்ந்திருந்த சாலமனும் சிரித்தார். அந்த அறையில் அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு நான் இருந்தவரை எல்லாப் பாட்டிலையும் தட்டில் கொட்டித்தான் எண்ணினேன், நல்ல பிள்ளைகளுடையதையும். பஞ்சை நிறுத்தவில்லை, அது அவர்களுக்குத் தேவை. புதுச் செய்தி எதுவானாலும் கூட்டத்தில் இரண்டாவது பாதியை முதலில் சொல்வேன்: மாத்திரை நிற்காது, இப்போது கேளுங்கள். கைதட்டல் குறைவாகத்தான் கிடைத்தது. நான் ஓய்வு பெற்ற மாதம் செல்விக்கு ஐந்தாம் மாதம். எனக்கு ஒரு பெட்டி லட்டு கொண்டுவந்தார், பாதியை அங்கேயே அவரே சாப்பிட்டார்.

உங்கள் மேசையின் கீழ் இழுப்பறையில் ஒரு சின்ன நோட்டு விட்டு வந்திருக்கிறேன். உறையில் 'ஊசி' என்று எழுதியிருக்கும். முதல் பக்கத்தில் முதல் வரி காலியாக இருக்கும். இரண்டாவது வரியில் ஒரு பதிவு எண் இருக்கும், பெயர் இல்லை. அந்தக் காலி வரியைப் பார்த்து, மறந்துவிட்டேன் என்று நினைத்து நிரப்பிவிடாதீர்கள். உங்கள் காலத்தில் அந்த ஊசி வந்தால், முதல் வரிக்கு ஆள் கிடைத்து அவர் நன்றாக இருக்கிறார் என்று தெரிந்த பிறகு, இரண்டாவது எண்ணைக் கூப்பிடுங்கள். அவர் சந்தோஷத்தில் கத்துவார். கத்தட்டும். கத்தி முடித்ததும் முதலில் இதைக் கேளுங்கள்:

"இன்னிக்கு மாத்திர போட்டியாப்பா?"